குணம் அண்ணன் ஒப்புவித்த முகவரி

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் குணம் அண்ணன் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து தலையை அடித்துக்கொண்டார். காயம் சின்னதுதான். ஆனால் கண் விழித்த மனுஷன் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கூடவே என் நண்பன் ரவி. கம்பியூட்டர் படிப்பிக்கிறவன். மனித ஞாபகத்தைப் போல வேலை செய்யும் ஒரு ப்ரோகிராமோடு வருடக்கணக்கில் மாரடிக்கிறவன்.

"இஞ்ச பாருங்கோ, நான் ஆர் எண்டு தெரியுதோ?"

அண்ணனின் மனைவி சரோஜா அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். புருஷன் யாரோ அந்நியரைப் பார்ப்பது போல் பார்த்தார். "எங்கட வீடு எங்க?" அதற்கும் அதே பார்வைதான். அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பயம்தான். இத்தனை கால வாழ்க்கை ஒரு விழுகையில் அழிந்து போகுமா என்ன?

அப்போது டொக்டர் வந்தார். இளம் சிங்களப் பெண். "கெதர கொஹெத?" என்றார். வீடு எங்கே?

குணம் அண்ணன் நிமிர்ந்தார். கை, சட்டைப் பை இருக்கும் இடத்தைத் தடவியது... அடையாள அட்டைக்கு! வீட்டு இலக்கம், ஒழுங்கை, பொலிஸில் பதிந்த விபரம் - எல்லாம் சிங்களத்தில் கடகடவென்று சொன்னார். செக்பொயின்றில் ஆமிக்காரனிடம் நாம் தினமும் ஒப்புவிக்கிறோமே, அதே வரிசை. நடுவில் டொக்டர் குறுக்கிட, அண்ணன் முதலில் இருந்து மறுபடி தொடங்கினார்.

ரவியின் கண் விரிந்துவிட்டது. "ஐசே, என்ர ப்ரோகிராமும் இப்பிடித்தான். ஒரு விசயத்தைத் தனியா வைக்காது. கேட்ட இடம், கேட்ட ஆள், முன்னுக்குப் பின்னுக்கு வந்தது எல்லாத்தோடயும் சேர்த்துக் கட்டி வைக்கும். ஒண்டு வந்தா மற்றதும் இழுபட்டு வரும்."

"சரி, மூளைக்குள்ள அந்தக் கட்டு எங்க கிடக்கு?" என்றேன் நான்.

"அதுதானே எனக்கும் தெரியவேணும். நினைக்கிற நேரம் மூளைக்குள்ள ஓடுற மின்சாரத்தையும் என்ர ப்ரோகிராம் போடுற கணக்கையும் பக்கத்தில வச்சுப் பாத்தா, எந்த இடம் எந்த வேலையைச் செய்யுது எண்டு பிடிக்கலாம்."

மனுஷன் கட்டிலில் கிடக்கிறார், இவனுக்கு ஆராய்ச்சி. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது.

டொக்டர் அடுத்ததைக் கேட்டார். "கெதர கவுத இன்னே?" வீட்டில் யார் இருக்கிறார்கள்?

"மகே நோனா. சரோஜினி."

என் மனைவி என்கிறார், பொலிஸில் பதிந்த முழுப்பெயரோடு! அக்கா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு காலமும் தமிழில குடும்பம் நடத்தினனான். கடைசியில ஆமிக்காரனுக்குச் சொல்லுற பதிலுக்குள்ளதானே என்னை வச்சிருக்கிறார்..."

அண்ணன் இப்போது வீட்டில். தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. ஆனாலும் காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது அக்கா முதலில் கேட்பது - எதற்கும் ஒரு நிச்சயத்துக்கு - "கெதர கவுத இன்னே?"