ரசமட்டம் மாமா தட்டாமல் விட்ட கல்

என் அக்கா வீட்டுக்காரரைத் தொழிலில் எல்லோரும், தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயரை வைத்து, ரசமட்டம் என்பார்கள். டைல்ஸ் ஒட்டுவதில் ஒரு நூல் ஏற்ற இறக்கம் அவருக்கு ஆகாது. ஒட்டி முடித்த மறுநாள் கொத்துக் கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அடியில் கலவை பிடிக்காத கல் டொக்கென்று சத்தம் போடும். மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனாலும் பெயர்த்தே தீருவார். பதினெட்டு வருடமாக அவருக்குக் கலவை போடுகிறவன் நான். அந்தத் தட்டலைக் கேட்டாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

நாள் முழுக்க முட்டி போட்டு வேலை செய்தால் முட்டி வீங்காமல் என்ன செய்யும்? வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மாத்திரையைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மிட்டாய் மாதிரி விழுங்குவார். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை.

அவருடைய அண்ணன் பெருங்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் குடலைக் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொல்லியனுப்பினார். மாமா தலையை ஆட்டினார், போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைத் துண்டு அவர் கையில் கிடைத்துத் தொலைத்தது. இந்த வகை மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுகிறவர்களிடம் குடல் புற்றுநோய் குறைவாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன என்று அதில் போட்டிருந்தது. அவ்வளவுதான், மனுஷனைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தியா மச்சான்? தெரியாமலே வைத்தியம் பண்ணிட்டு இருந்திருக்கேன்!"

அதோடு விட்டாரா? தையல் வேலை பார்க்கும் தங்கைக்கும் ஒரு அட்டை மாத்திரை வாங்கிக் கொடுத்து, "டெஸ்ட்டெல்லாம் எதுக்கு, இதப் போடு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன வருடம் ஒரு மூன்று மாடி வீட்டு வேலை. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. குடைந்து கேட்டதில் உண்மை வந்தது. இரண்டு மாதமாக மலத்தில் ரத்தம்.

"மாத்திரைச் சூடா இருக்கும்டா. அக்காகிட்ட மூச்சு விட்டே, தெரியும் சேதி."

எனக்கு வந்ததே கோபம்! அன்று மாலையே அக்காவிடம் போட்டு உடைத்தேன். வீடு ரெண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அவள் நேரே போய் அவருடைய சாமான் பெட்டியிலிருந்து கரண்டியை எடுத்து வந்து, மரப்பிடியால் மாமாவின் வயிற்றில் தட்டினாள்.

"சத்தம் சரியா இருக்கா?"

"என்னடி விளையாட்டு இது?"

"நல்ல கல்லுன்னு பேப்பர்ல போட்டிருந்தா தட்டாம விட்டுருவீங்களா? சொல்லுங்க." கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

மறுநாள் காலை மாமா தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

பரிசோதனையில் இரைப்பையில் புண் இருந்தது, மாத்திரை செய்த வேலை. பெருங்குடலில் இரண்டு சதை மொட்டுகள். அதில் ஒன்று புற்றாக மாறும் வழியில் இருந்தது. இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள்.

மாமா சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை நீட்டினார். "அப்போ இது பொய்யாம்மா?"

"பொய்யில்லைங்க," என்றார் டாக்டரம்மா. "சிலருக்கு ஆபத்து குறையலாம். குறையும்னா வரவே வராதுன்னு அர்த்தமில்ல. அதே மாத்திரை வயித்தப் புண்ணாக்கி ரத்தமும் கசிய வைக்கும். நீங்களா போடக் கூடாது. டெஸ்ட்டுக்குப் பதிலா அது ஆகவும் ஆகாது."

"போடாம இருந்தா இன்னும் பெருசாகியிருக்குமா?"

"அத யாராலயும் சொல்ல முடியாதுங்க. நல்ல நேரத்துல வந்துட்டீங்க, அதான் விஷயம்."

அக்கா முகத்தில் உயிர் வந்தது. மாமாவுக்கு மட்டும் வரவில்லை. "தங்கச்சியக் கெடுத்துட்டேனே மச்சான்" என்றார்.

அடுத்த வாரம் தங்கையை அவரே கூட்டி வந்தார். அவள் உள்ளே போனதும் இருப்புக்கொள்ளாமல் குனிந்து, விரல் முட்டியால் ஆஸ்பத்திரித் தரையைத் தட்ட ஆரம்பித்தார். மானம் போகிறது, உட்காருங்கள் என்றேன். கேட்டால்தானே! நான்காவது கல் வரிசையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"ஒண்ணும் இல்லையாம்ணா. சுத்தமா இருக்காம்."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டாள்.