கத்தாத கடன்

என் நாத்தனாருக்கு வயது நாற்பத்து மூன்று. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். தொட்டிலில் பார்த்த நாளிலிருந்து என் கணவர் தங்கையை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாப்பாக்கா. அவள் நர்சிங் படிப்பில் சேர்ந்த அன்றிலிருந்து நான் மட்டும் டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். கேலிக்குத்தான். எவ்வளவு சீண்டினாலும் அவளுக்குக் கோபம் வராது. எனக்கு அதுதான் கோபம்.

கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள். பன்னிரண்டு வருடமாக யார் யாரோ படுத்த விரிப்புகளை வெந்நீரில் போட்டு எடுத்து, உருளை இஸ்திரியில் விட்டு, எதிரில் ஒருத்தியை நிறுத்தி மடித்து, இருபது இருபதாகக் கட்டி மேல்மாடி வார்டுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அண்ணி, இந்த விரிப்பெல்லாம் போற இடத்துக்கு நானும் போகப் போறேன்" என்றாள்.

"எதுக்கு, அட்மிட் ஆகவா?"

"நர்ஸா."

மூன்று வருடப் படிப்பு. காலை ஷிப்டில் சலவை, மதியத்துக்கு மேல் வகுப்பு. வேலை நேரம் குறைந்ததால் சம்பளமும் பாதியாகிவிட்டது. கல்லூரி வாசலில் குடை நட்டு, மேசை போட்டு, கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கு ஒரு தோள்பை இலவசம் என்று உட்கார்ந்திருந்தார்கள். முதல் கார்டில் முதல் வருடக் கட்டணம் போனது. இரண்டாவது கார்டில் லேப்டாப். மூன்றாவதில் சீருடை, ஷூ, நடுவில் வந்து தொலைத்த பல்வலி. வீட்டில் மூன்று தோள்பை சேர்ந்தது.

பாப்பா ஊதாரி இல்லை. எந்த மாதமும் கட்டாமல் விட்டதில்லை. ஆனால் அவள் கட்டிய அழகு இருக்கிறதே! இரண்டாவது கார்டுக்காரன் போனில் வாய்க்கு வந்தபடி கத்துவான். சம்பளம் வந்த அன்றே அவனுக்குப் பெரிய பங்கு. மூன்றாவது கார்டுக்கு ஒரு பெண் பேசுவாள், "அம்மா, சாப்டீங்களா?" என்று ஆரம்பித்து. அடுத்த பங்கு அவளுக்கு.

"அந்தப் பொண்ணு எவ்வளவு தன்மையா பேசுது அண்ணி. ஏதாவது குடுக்கலன்னா எனக்கு மனசு கேக்கல."

"கடன் கட்டுறியா, இல்ல டிப்ஸ் குடுக்குறியா?" என்றேன்.

முதல் கார்டுக்காரர்கள் கூப்பிடவே மாட்டார்கள். போனில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். மிச்சம் மீதி இருப்பது அங்கே போகும், அதுவும் பாதி நாள் தேதி தாண்டி.

இரண்டாம் வருடக் கடைசியில் கல்லூரியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். பஸ் விபத்து நடந்துவிட்டதாக ஒரு கற்பனை. பாதி மாணவிகள் அடிபட்டவர்களாகத் தரையில் கிடக்க வேண்டும், மீதிப் பேர் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். காலைப் பிடித்துக்கொண்டு கூரை பெயர்கிற மாதிரி அலறிய ஒருத்தியிடம் பாப்பா ஓடியிருக்கிறாள். கட்டுப் போட்டு முடிக்கும்போது ஆசிரியை வந்து சொன்னாராம்: "கத்துறவங்களுக்கு மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லாம கிடக்கிறவங்ககிட்ட முதல்ல போயிருக்கணும்." மூலையில் கிடந்த இருபது வயதுப் பெண் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, என்னைக் கொன்னுட்டீங்களே!" என்று சிரித்தாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

பாப்பா சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, மூன்று கார்டுகளின் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். சத்தமில்லாத முதல் கார்டுக்குத்தான் வட்டி அதிகம், நூற்றுக்கு மாதம் மூன்றரை. எடுத்தது நாற்பதாயிரம். தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, இருபத்திரண்டு மாதம் கட்டிய பிறகு பாக்கி நாற்பத்து நான்காயிரம்.

"கத்துனவனுக்குக் கட்டு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் அண்ணி" என்றாள்.

என் கணவர் பஸ் ஓட்டுநர். கடன் என்றாலே அவருக்கு ஆகாது. அவள் மூன்றாம் வருடப் பதிவுக்கென்று இருபதாயிரம் சேர்த்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"அந்தக் காசைக் கொண்டுபோய் கார்டுல கட்டு பாப்பா. படிப்பை ஒரு வருஷம் நிறுத்து. எங்கயும் ஓடிப் போயிடாது."

நானும் ஒத்து ஊதினேன். இப்போது நினைத்தால் என் மீதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பாப்பா தாள்களை விரிப்பு மடிப்பது போல முனையோடு முனை சேர்த்து மடித்தாள். "ஒரு வருஷம் நிறுத்துனா நான் திரும்பப் போகமாட்டேன்ணா. எனக்குத் தெரியும். கார்டுக்குத் தவணை கேக்கலாம். எனக்கு யார் தவணை குடுப்பா? இந்த வீட்டுல சத்தமே இல்லாம கிடந்தது யாருன்னு நினைக்கிறீங்க? பன்னெண்டு வருஷமா நான்தான்."

அவள் குரல் ஏறவில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. கணவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமையே பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை முதல் கார்டின் வங்கிக்குப் போனாள். துணைக்கு என்று நானும் போனேன், ஆனால் துணை தேவைப்பட்டது எனக்குத்தான். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "லேட்டானாலும் மாசம் தவறாம கட்டியிருக்கீங்க. கார்டு லிமிட்டை ஏத்தித் தரட்டுமா?" என்றார்.

"சார், நான் கடனைக் குறைக்க வந்திருக்கேன், வளர்க்க வரல. மொத்தப் பாக்கியையும் வட்டி கம்மியான தவணைக் கடனா மாத்திக் குடுங்க. கார்டை இப்பவே மூடிடுங்க."

"இந்தச் சம்பளத்துலயா? எப்படிக் கட்டுவீங்க?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். சலவைக்கூடச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ளும் கூலி, மூன்று கடனுக்கும் எவ்வளவு, என்றைக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. மற்ற இரண்டு இடங்களிலும் அவளே கூப்பிட்டு, ஏழாம் தேதி இவ்வளவுதான் வரும் என்று சொல்லி முடித்திருந்தாள்.

"பரீட்சையில ஃபெயில் ஆயிட்டா?"

"துணி துவைச்சே மூணு வருஷத்துல கட்டுவேன். பாஸ் ஆனா ஒண்ணரை வருஷம் போதும். ரெண்டுல எதுன்னாலும் உங்க காசு உங்களுக்கு வந்துடும் சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். மேலாளரிடம் போய்க் கால் மணி நேரம் கழித்துப் படிவத்தோடு வந்தார். மாதம் மூன்றரை என்றிருந்த வட்டி ஒன்றேகாலுக்கு இறங்கியது. வெளியே வந்ததும் நான், "டாக்டரம்மா" என்றேன். அந்தத் தடவை கேலியாக வரவில்லை.

வீட்டில் அண்ணனும் தங்கையும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. வார்டுக்குள் போன் கூடாது என்பதால் அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். மூன்றாம் தேதி மதியம் அது அடித்தது. கணவர் விடுமுறையில் இருந்தார். என்னை முந்திக்கொண்டு எடுத்தார். அந்தக் கத்துகிறவன்தான். சமையலறை வரை கேட்டது.

இவர் நிதானமாகச் சொன்னார்: "சத்தத்தைக் குறைங்க தம்பி. என் தங்கச்சி நர்சிங் கடைசி வருஷம் படிக்குது. இப்ப வார்டுல நோயாளிங்களைப் பாத்துக்கிட்டிருக்கும். ஏழாம் தேதி வரும்னு சொன்னா ஏழாம் தேதி வரும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன்."

வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாப்பாவுக்கு எத்தனை மணிக்கு வார்டு முடியுது? போய் கூட்டிட்டு வரேன்."