லோகநாதனின் நாலரை இஞ்ச் முனை

ராஜகீழ்ப்பாக்கம் லோகநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கோட்டு என்றால் மழைக்குப் போடுவதுதான். அப்பா உழுத நிலத்தில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. வாடகை வருகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

மச்சான் குமரவேல் விட்டால்தானே. மனைவி தையல்நாயகிக்கு நேர் இளையவன், ஊரப்பாக்கத்தில் சிமெண்டு வியாபாரம். போன தை மாதம் அவன் மகன் ரிசப்ஷனுக்கு லோகநாதன் முதன்முதலாகக் கடையில் ஒரு கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போனார். மேடையில் குமரவேல் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னா மாமா, ஆபீஸ் வுட்டு நேரா வந்துட்டியா?”

குன்றத்தூர் ஹேமாவதி சித்தி வகையறா இரண்டு வரிசை சிரித்தது. ஆயுளில் வேலை என்று ஓர் ஆபீசுக்கும் போகாதவரை ஏன் இப்படிக் கேட்டான் என்று அவருக்கு விளங்கவில்லை. மேற்குத் தாம்பரம் தையற்காரர் தேவானந்தம்தான் விளக்கினார்.

“கழுத்துலேர்ந்து நெஞ்சு மேல மடிஞ்சு எறங்குதே, லாபெல், அதுல கீது சார் விஷயம். உங்களுது சின்னதா வெட்டு வுட்டது. ஆபீசு, இன்டர்வியூ, பகல் ஃபங்ஷனுக்கு. முனை தோளைப் பாத்து நிமிந்து நின்னா கல்யாணத்துக்கு. ரெண்டும் இல்லாம வழுவழுன்னு வளைஞ்சு வந்தா சாயங்காலப் பார்ட்டிக்கு.”

“குமரவேல் போட்டது?”

“நிமிந்தது. மூணரை இஞ்ச். நான்தான் தச்சேன்.”

“எம்பொண்ணு ரிசப்ஷன் வருது. எனக்கு நாலரை வை.”

“பொண்ணு ரிசப்ஷன்ல மாப்பிள்ளைக்குத்தான் சார் நிமிந்தது. உங்களுக்கு இந்த வெட்டே போதும்.”

“அப்போ மாப்பிள்ளைக்கு வெட்டு வச்சுத் தச்சுடு.”

மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு முறைதானே. பையனால் வாயைத் திறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து லோகநாதன் மனிதர்களை முகத்தில் பார்ப்பதை விட்டார். நெஞ்சில்தான் பார்ப்பார். டிவியில் செய்தி வாசிப்பவரைக்கூட விடவில்லை. “செத்தவங்க கணக்கைப் படிக்கிறான், கல்யாண முனையப் பாரு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்.

மகள் வினிதாவின் ரிசப்ஷன் வந்தது. நாலரை இஞ்ச் முனை இரண்டும் தோளைத் தாண்டப் பார்த்தன. பக்கத்தில் மாப்பிள்ளை, அவரிடம் வேலை கேட்டு வந்தவன் மாதிரி நின்றான். லோகநாதன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீர்த்தட்டோடு குமரவேல் மேடையேறினான். அவன் கண் நேராக முனைக்குத்தான் போனது. லோகநாதன் நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். அந்த ஒரு பார்வைக்குத்தானே இத்தனை பாடும்.

குமரவேல் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். தட்டிலிருந்து ஜரிகைப் பொன்னாடை ஒன்றை எடுத்து உதறினான். தோளோடு போர்த்தி, அதன் இரு நுனிகளையும் நெஞ்சின் குறுக்கே இழுத்துக் கோட்டை மூடினான்.

“பொண்ணைப் பெத்தவரு. மொத மரியாதை தாய்மாமன் என்னுது, மாமா.”

தாய்மாமன் போர்த்தியதை அவன் பந்தியில் உட்காரும் முன் கழற்றினால், அப்புறம் அந்த உறவுக்கு வாசற்படி கிடையாது. லோகநாதன் பல்லைக் காட்டினார். அடுத்து அகரம்தென் பெரியப்பா மகன் வந்தார், கையில் பொன்னாடை. வேங்கைவாசல் பங்காளிகள் மூன்று பேர், ஆளுக்கு ஒன்று, அவர்களுக்குப் பின்னால் இன்னும் வரிசை. எல்லாருக்கும் குமரவேல் முந்தின நாளே போன் போட்டிருக்கிறான்.

“மச்சான், போய்ச் சாப்புடேன்” என்று மேடையிலிருந்தே கெஞ்சினார் லோகநாதன்.

“பசி இல்ல மாமா” என்று குமரவேல் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். கடைசிப் பந்திக்கு இலை போடும் வரை எழுந்திருக்கவில்லை.

மறு மாதம் ஆல்பம் வந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பதினோரு பொன்னாடை, அதன் மேல் வியர்த்த தலை ஒன்று. தையல்நாயகி ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

“என் தம்பிக்கு உம்மேல எவ்ளோ மரியாதை பாரு. ஆமா, அன்னிக்கு உள்ள இன்னா போட்டுகினு இருந்தே, சட்டையா?”