தாங்கியில் வெறும் தண்ணீர்

சாவியைப் போட்டதும் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை என் கணவருக்குப் பிடிக்காது. பொனட்டைத் திறந்து எண்ணெய் பார்த்து, கூலன்ட் பார்த்து, டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அவர் இருக்கையில் ஏறுவார். ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் எங்கள் தொடர்மாடிக்காரர்களில் பாதிப் பேர் மின்சாரக் காருக்கு மாறிவிட்டார்கள். எங்களுடையது மட்டும் கிழட்டு டீசல். மின்சாரக் காரில் திறந்து பார்க்க ஒன்றுமில்லையாம், அது கார் இல்லையாம், நாலு சில்லுப் பூட்டிய குளிர்சாதனப் பெட்டியாம். இதை அவர் சொல்லாத கலியாண வீடு ஒஸ்லோவில் இல்லை.

எஞ்சினைக் கொதிக்காமலும் குளிரில் உறையாமலும் வைத்திருக்கும் அந்தக் கூலன்ட் விஷயத்தில் அவர் ஒரு சாமியார். சனிக்கிழமை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்ப்பார். பழைய துணியால் அந்தப் பிளாஸ்டிக் தாங்கியைத் துடைத்து, டோர்ச் அடித்து, நீலத் திரவம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கலந்து விற்பதை வாங்க மாட்டார். தானே தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஒரு போத்தலில் வைத்திருப்பார். இலை உதிரும் காலம் வந்துவிட்டால், ஊசி வைத்த சின்னக் கருவி ஒன்றால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, எவ்வளவு குளிருக்கு இது தாங்கும் என்று அளப்பார். நான் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறப்போகிறது என்று மாடத்தில் நின்று முணுமுணுப்பேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனால் அவர் சொல்லிச் சொல்லி, கூலன்ட் பற்றி நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

அந்த மனிதருக்கு மறதி வரத் தொடங்கியது.

முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. அது எனக்கும் போகிறதுதானே என்று விட்டுவிட்டேன். பிறகு, தான் வருடக்கணக்காக பஸ் ஓட்டிய தெருவில் வழி கேட்டார். தூர வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் வேலை செய்யும் எங்கள் மகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாளா என்று ஒரு பின்னேரம் கேட்டார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் உடனே சுதாரித்துக்கொண்டு, பகிடிக்குக் கேட்டேன் என்றார். அவர் மறந்து செய்தது எதுவானாலும் நான் செய்ததாகிவிடும். வீட்டுத் திறப்பை நான்தான் எங்கேயோ வைத்தேன், குழாயை நான்தான் திறந்துவிட்டேன். தொடக்கத்தில் சண்டை பிடித்தேன். பிறகு வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். இந்த நோய் எப்படித் தொடங்கும், எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பகல் முழுக்க, மனைவியை யார் என்று கேட்கும் கிழவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டு வீட்டுக்கு வருவேன். இங்கேயும் அதே நோய் காத்திருக்கும். எனக்கு அவரில் கோபம் வரும். பிறகு, இப்படிக் கோபப்படுகிறேனே என்று என்னிலேயே வெறுப்பு வரும்.

என்னுடைய பயமெல்லாம் றோட்டில்தான் இருந்தது. அவர் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து சிவப்பு, சிவப்பு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் பாதசாரிக் கடவையில் பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை அவர் காணவில்லை. நான் கத்தினேன். கார் நின்றது. அன்றைக்கே டொக்டரிடம் போவோம் என்று கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். அவருக்கும் தெரியும். இந்த நாட்டில் டொக்டர் ஒரு சொல் சொன்னால் லைசென்ஸ் போய்விடும்.

"உயிரை எடுத்தாலும் பரவாயில்லை, லைசென்ஸை எடுக்க விடமாட்டன்," என்றார்.

மகளிடம் சொன்னேன். தகப்பன் தொலைபேசியில் அவளோடு பத்து நிமிடம் கிளி மாதிரிக் கதைப்பார். அவளும் ஏமாந்துபோவாள். ஆனாலும் அந்தக் கடவைக் கதையைக் கேட்டபின் அவள் குரல் மாறிவிட்டது. "அம்மா, அப்பாவை 'பாஸ்ட்லேகெ'யிட்டை எப்பிடியாவது கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். எங்கள் குடும்ப டொக்டரைத்தான் சொல்கிறாள், இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். எப்பிடியாவது என்று சொல்வது லேசு. அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டா போக முடியும்?

இலையுதிர் காலத்தில் கார் நிறுத்தும் இடத்தில் நிலம் ஈரமாகத் தொடங்கியது. கூலன்ட் எங்கேயோ சின்னதாய்க் கசிந்தது. அவர் ஒவ்வொரு நாள் காலையிலும் போத்தலோடு கீழே இறங்கினார். பொனட்டைத் திறந்து, தாங்கியைத் துடைத்து, குனிந்து பார்த்து, அளவாக ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே அண்ணாந்து எனக்குக் கை காட்டுவார். மாடத்தில் நின்று நானும் கை காட்டுவேன். அந்தக் கொஞ்ச நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். எல்லாவற்றையும் மறந்தாலும் அப்பா காரை மட்டும் மறக்கவில்லை என்று மகளுக்கும் சொன்னேன்.

முதல் கடும் குளிர் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே கோயிலுக்குப் போகப் புறப்பட்டோம். கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டு அவர் காரை எடுத்தார். கொஞ்சத் தூரம் போயும் உள்ளே சூடு வரவில்லை. காற்றுத் துவாரத்தில் கையை வைத்தேன், குளிர்காற்றுத்தான் வந்தது. வெப்பம் காட்டும் முள் மேலே ஏறி, சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பதறவில்லை. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் மூடியைத் திறந்து பார்க்கவா என்று கேட்டதற்கு, கொதியில் திறந்தால் முகம் வெந்துபோகும் என்று தடுத்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அதனால்தான் எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

இழுவை வண்டிக்காரன் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டான். அங்கே ஒரு நோர்வேஜியப் பெண் மெக்கானிக். கார் ஆறும்வரை காத்திருந்து திறந்து பார்த்தாள். ரேடியேட்டரின் அடியில் இன்னும் பனிக்கட்டி இருந்தது. எஞ்சின் உடம்பில் ஒரு வெடிப்பு, அதனூடாக நீர் வழிந்துகொண்டிருந்தது. தாங்கியில் இருந்ததைக் கருவியால் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தாள். நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊசி அசையவே இல்லை. வெறும் தண்ணீர் என்றாள். இனி இந்த எஞ்சின் சரிவராது என்றும் சொன்னாள். பிறகு, இன்றைக்கு வெளியே எவ்வளவு குளிர் என்று கேட்பவளைப் போல, யார் இதற்குத் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. ஒளிக்கிறவரின் முகத்தை எனக்குத் தெரியும், நாற்பது வருடம் அதோடு வாழ்ந்திருக்கிறேன். அவர் உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

காலைகளில் அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே வருவதற்கு முன் அவர் யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டினவர். அந்த வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கக் கொதிக்க, கண்ட கிணற்றில் எல்லாம் அள்ளி ஊற்றிக்கொண்டு ஓடினவர்கள் அவர்கள். அங்கே அது பிழையே இல்லை. அவருடைய கை என்னிடம் சொல்லாமல் அங்கே திரும்பிப் போய்விட்டது. நான் மாடத்தில் நின்று அதற்குக் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்தான் ஊற்றினேன் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அந்நியப் பெண்ணுக்கு முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் கொதித்துப்போனார்.

"தண்ணி உறைஞ்சால் பருக்கும் எண்டு தெரியாதே உமக்கு? பருத்தால் இரும்பையும் வெடிக்க வைக்கும். இத்தினை வருசம் இந்தக் குளிருக்கை இருந்தும் இது தெரியாதே? எத்தினை தரம் சொல்லித் தந்தனான்?"

பாதிக்குப் பாதி என்றார். நிறம் மாறிக் கலக்கக்கூடாது என்றார். குளிருக்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்றார். ஒரு சொல் பிழையில்லை. தமிழ் தெரியாத அந்த மெக்கானிக்கும் பாடம் கேட்பவள் மாதிரித் தலையாட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில், என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவளுடைய மொழியில் என் சார்பில் மன்னிப்பும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். கோயில் உடுப்போடு, அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாதி வழி வரை அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெல்ல என் பக்கம் சரிந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு பரிவாக அவர் என்னோடு கதைத்து எவ்வளவோ காலம்.

"நான் ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. கொஞ்ச நாளாப் பாத்துக்கொண்டு வாறன், உமக்கு எல்லாம் மறக்குது. அண்டைக்கும் அடுப்பை நிப்பாட்டாமல் வெளிக்கிட்டிட்டீர். ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவம். பயப்பிடாதையும், நானும் கூட வருவன்."

அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே போனவர் அவர்தான். 

மாதக்கணக்காக நான் கெஞ்சியது அதுதான். இப்போது அவரே வருகிறேன் என்கிறார். டொக்டரின் அறைக்குள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். நான் டொக்டருக்கு முதலே தகவல் அனுப்பிவிடுவேன். கேள்வி எல்லாம் தன்னை நோக்கித் திரும்பும்போதுதான் அவருக்கு விளங்கும். அல்லது அதுவும் விளங்காது. எதைக் கேட்டு வேண்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"ஓம், போவம்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் டொக்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். என்னை எடுக்க விடவில்லை. நான் நடைவழியில் சப்பாத்துப் போட வைத்திருக்கும் வாங்கில் குளிர்ச்சட்டையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு மறதி வந்துவிட்டது என்றார். பிறந்த இலக்கம் என்னும் என் பதினொரு எண் அடையாள இலக்கத்தைக் கேட்டிருப்பார்கள் போல, ஒரு எண் பிசகாமல் சொன்னார். அவ கொஞ்சம் பயந்த ஆள், டொக்டரை ஆறுதலாய்க் கதைக்கச் சொல்லுங்கோ என்றும் அந்த மொழியிலேயே கேட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினார். நான் காருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"அழாதையும். கார் போனால் போகட்டும்," என்றார்.