பந்தல்குடி வரை வந்த சைக்கிள்

காஷ்மீரில் கிளம்பிய நாளிலிருந்து என் அண்ணன் தினமும் சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்க மாட்டார். "இன்னைக்கு வேன்ல ஏறிட்டியா?" என்பார். இல்லை என்றால், "சரி, நாளைக்கு ஏறிருவ" என்று வைத்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறுநாள் பாதித் தூரம் அந்தக் கோபத்திலேயே ஓடிவிடும்.

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிளம்பிய நாங்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், கல்லூரி முடித்த எங்கள் மகள், அருப்புக்கோட்டையில் எங்கள் கடைக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர், அவர் மனைவி. ஆளுக்கொரு சைக்கிள். பின்னால் துணிமணி, அடுப்பு, அரிசியோடு ஒரு வேன். முடியாதவர் வேனில் ஏறிக்கொள்ளலாம், யாரும் அவரைக் கிண்டல் செய்யக்கூடாது என்று கிளம்பும்போதே பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் முதல் பாதி ஒழுங்காக நடந்தது. இரண்டாம் பாதியை ஒருவரும் ஒரு நாள்கூடக் கடைப்பிடிக்கவில்லை.

நான் மட்டும் ஏறக்கூடாது என்று நின்றதற்குக் காரணம் என் அண்ணன்தான். எனக்குப் பிறந்த ஊர் பந்தல்குடிக்குக் கிழக்கே, எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில். பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி வீடு. எப்போதும் இரண்டு மூன்று சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும், ஒன்றையும் என்னைத் தொட விடமாட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள், அதான் பஸ் வருகிறதே என்பார் அண்ணன். பஸ் வந்தது உண்மைதான். வந்து நிற்காமல் போகும். கல்யாணமாகி, மகளும் வளர்ந்த பிறகு, நாற்பது வயதில்தான் கற்றுக்கொண்டேன். மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். அம்மாவுக்கு மகள் சைக்கிள் பழக்கிவிடும் காட்சியைப் பார்க்க எங்கள் தெருவே வாசலுக்கு வந்தது. வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்லப் பிறந்த வீட்டுக்குப் போனபோது, அண்ணன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார். டெல்லி தாண்டமாட்டாள், வேனில் ஏறி வந்து சொகுசாக இறங்குவாள் என்றார். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால்தான் வந்து சேரும்.

"அண்ணே, காஷ்மீர்ல இருந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும் மிதிச்சேதான் வருவேன். நடுவுல ஒரு எடத்துல வண்டில ஏறினேன்னா, அதுக்கப்புறம் சைக்கிளையே தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சைக்கிள் இல்லாமல் என்னால் இனி இருக்க முடியாது.

வழியில் நடந்ததை எல்லாம் சொன்னால் இந்த இடம் போதாது. பஞ்சாபில் வயல் நடுவே ஓர் அம்மா எங்களை நிறுத்தி, நாங்கள் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பாஷையில் ஏதேதோ பேசி, ரொட்டி போட்டுக்கொண்டே இருந்தார். மத்தியப் பிரதேசத்தில் நாய்கள் துரத்தின. எல்லோரும் வேகமாக மிதித்தார்கள். நான் இறங்கி நின்று, "ஏ மூதேவி, போ அங்கிட்டு" என்று எங்கள் ஊர்த் தமிழில் ஒரு அதட்டல் போட்டேன். ஒன்று விடாமல் திரும்பிப் போயின. அதிலிருந்து நாய் வந்தால் என்னை முன்னால் விட்டுவிடுவார்கள். மளிகைக்கடை நண்பர் ஒரு தகர டின் நிறையக் காரச்சேவு கொண்டுவந்திருந்தார். நாக்பூரிலேயே தீர்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு அவர் முகத்தில் களையே இல்லை.

ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. மகளுக்குக் காய்ச்சல். நண்பருக்கு ஆந்திராவில் ஊறுகாயால் வயிற்றுக் கோளாறு. அவர் மனைவி துணைக்கு ஏறினார், பிறகு ஏ.சி. நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் கூடுதலாக இருந்துகொண்டார். எனக்கும் ஒரு மலையேற்றத்தில் கண் இருட்டியது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். வேன் பக்கத்தில் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. எழுந்து தள்ளிக்கொண்டே நடந்தேன், ஏறவில்லை.

கன்னியாகுமரியில் எல்லோரும் கடலைப் பார்த்து நின்று போட்டோ எடுத்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லையே! இன்னும் அண்ணன் வீட்டு வாசல் இருந்தது. தூத்துக்குடி வந்து, எட்டயபுரத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். மார்கழிப் பனி. இரண்டு பக்கமும் கரிசலில் கொத்தமல்லிச் செடி பூத்துக் கிடந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஊர் வந்துவிட்டது என்றேன்.

பந்தல்குடிக்குள் நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினேன். பார்த்தால் எங்கள் ஆட்கள். அண்ணன் பட்டு வேட்டியில், கையில் ஆளுயர மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி, என் மதினி, தாம்பாளத்தில் பட்டுச்சேலை, பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு நிற்கிறார். நையாண்டி மேளக்காரர்கள் லாரிகளை மறித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாழைக்கன்று கட்டிய டிராக்டர் ஒன்று. அதன் டிரெய்லர் நடுவில் ஜமுக்காளம் விரித்து, ஒரு நாற்காலிக்குச் சால்வை போர்த்தி வைத்திருந்தார்கள்.

அண்ணன் மாலையைப் போட்டார். மதினி நெற்றியில் குங்குமம் வைத்தார். டீக்கடை வாசலில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். டெல்லி தாண்டமாட்டாள் என்று சொன்னவர் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று கோபமெல்லாம் கரைந்துபோயிற்று.

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினால் சைக்கிளைக் காணோம்.

என் தம்பி அதை எங்கள் பக்கம் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். புது டிராக்டர் வாங்கினால் காளியம்மன் கோவிலில் நிறுத்தி, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வழக்கம் உண்டு. காஷ்மீர் போய் வந்த சைக்கிளுக்கு அதைச் செய்யாமல் விடலாமா? அக்கா வந்து சேர்வதற்குள் பூசையை முடித்துவைப்போம் என்று ஆசையோடு போயிருக்கிறான். மற்ற நாலு சைக்கிளையும் சேர்த்தே ஏற்றிவிட்டான். போன் போட்டால் எடுக்கவில்லை. கோவிலில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்களாம்.

நான் டிராக்டரைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னை அதில் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போகப்போகிறார்கள். வாசலை நெருங்கிவிட்ட நேரத்தில், அண்ணன் கையாலேயே என்னை வண்டியில் ஏற்றிவிடப்போகிறார்!

"நான் ஏறமாட்டேண்ணே" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. களைத்து வந்திருக்கிறாய், இனி எதற்கு மிதிக்க வேண்டும், அதுதான் இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்றார். பந்தயத்தை நான் ஞாபகப்படுத்தினேன். அதில் நீதான் ஜெயித்தாய், நானே சொல்லிவிட்டேன், ஏறு என்றார். நீங்கள் சொன்னால் ஆகிவிடுமா, என் கால் சொல்ல வேண்டும் என்றேன். என் குரல் உயர்ந்தது. மேளம் நின்றுபோயிற்று. லாரிக்காரர்கள்கூட இறங்கி வந்து பார்த்தார்கள்.

அண்ணன் முகம் சுருங்கியது. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஊரே பாக்குது தாயி. பொறந்த வீட்டு மரியாதைய நடுரோட்டுல வச்சு வேணாம்ங்காத. நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கம் பிறந்த வீட்டு மரியாதையைத் தட்டிவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், காஷ்மீரிலிருந்து வந்ததெல்லாம் எனக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். என்ன செய்வது என்று தெரியாமல், மாலையும் கழுத்துமாக நின்றேன். அழுகை வந்துவிட்டது.

டீக்கடைக்கார அக்காதான் வழி சொன்னார். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் கடைக்குப் பின்னால் கிடந்தது. மகள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போவதால் இப்போது அதில் விறகு கட்டி வைத்திருந்தார். விறகை இறக்கினார். எதிரே பஞ்சர் கடையில் காற்று அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னால் ஒரு கூடையும் இருந்தது.

சைக்கிள் எதுவானால் என்ன, மிதிக்கிற கால் என்னுடையதுதானே. கண்ணைத் துடைத்தேன். மாலையைக் கழற்றவில்லை. மதினி கையிலிருந்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சேலையைக் கூடையில் வைத்தேன்.

"மரியாதைய வாங்கிக்கிட்டேண்ணே. சீரு வாங்கின கையோட, மிதிச்சே வாரேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

இப்போது சிக்கல் அண்ணனுக்கு. மரியாதை செய்து கூட்டிவருகிறவர் தங்கச்சிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். அவர் டிராக்டரில் உட்கார்ந்து வர, நான் ரோட்டில் மிதித்து வந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நடந்து வரவும் தூரம் அதிகம். என் வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? பேசாமல் பஞ்சர் கடைக்குப் போய், கடைக்காரரின் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். மச்சான் ஏறினால் நன்றாக இருக்கும் என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவை நான் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அண்ணன் சைக்கிளைத் தொட்டு வெகு காலம் ஆகிவிட்டது. வயிறும் வளர்ந்துவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், துண்டைத் தலையில் சுற்றினார், இரண்டு தடவை எட்டி எட்டி வைத்து ஏறிவிட்டார். மேளக்காரர்கள் டிரெய்லரில் ஏறிக்கொண்டார்கள். மதினி, என் மகள், நண்பர், அவர் மனைவி எல்லோரும் அவர்களோடு. எனக்குப் போட்ட நாற்காலியில் என் வீட்டுக்காரர் சால்வையோடு உட்கார்ந்துகொண்டார். காலியாகப் போகக்கூடாதாம்.

பந்தல்குடியிலிருந்து கிழக்கே திரும்பினோம். எதிர்க்காற்று. நானும் அண்ணனும் முன்னால், மேளத்தோடு டிராக்டரும் வேனும் பின்னால். கம்பங்காட்டில் வேலை செய்தவர்கள் எல்லாம் வரப்புக்கு வந்து நின்றார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். "என்ன சம்சாரி, நீங்களும் காஷ்மீர்லருந்தா வாரீக?" என்று ஒருவர் கேட்டார். அண்ணன் குனிந்து மிதித்துக்கொண்டே போனார். பதில் சொல்ல மூச்சில்லை.

பாதி வழியில் அவர் சைக்கிள் தள்ளாட ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது. கால் நடுங்குவதை நான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது. போதும், ஏறிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். டிராக்டர் ஓட்டி வந்த பங்காளியும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஏறச் சொன்னார். அண்ணன் இறங்கினார். ஹேண்டில்பாரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பிறகு பங்காளியைப் பார்த்துச் சொன்னார்:

"எந்தங்கச்சி காஷ்மீர்ல இருந்து ஏறல. நான் பந்தல்குடியில இருந்து ஏறவாடா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அந்த மலையேற்றத்தில் நான் நடந்த மாதிரியே. என்னால் தாங்க முடியவில்லை. அவர் பார்க்காமல் இருக்க முந்திக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் கருவேல மர நிழலில் நின்று, மூக்கைச் சிந்திவிட்டுக் காத்திருந்தேன். அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி ஏறினோம்.

வீட்டு வாசலில் என் சைக்கிள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தது. சந்தனம் என்ன, மாலை என்ன, சீட்டில் ஒரு தேங்காய் வேறு! தம்பி பக்கத்தில் நின்று சிரித்தான். இவனுக்குக் கொடுப்பதை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று நேராக வாசல்படி வரை மிதித்துப்போய், கோலத்துக்கு முன்னால் இடது காலை ஊன்றினேன். முடிந்தது. மதினி டிராக்டரிலிருந்து இறங்கி ஓடிவந்து, என்னையும் அண்ணனையும் சேர்த்து நிறுத்தி ஆரத்தி சுற்றினார்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு என் போன் அடித்தது. அண்ணன்தான். பக்கத்து அறையில் கட்டிலில் கிடந்தார். எழுந்து வர முடியவில்லையாம். உன் மூட்டையில் கால்வலித் தைலம் இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றார்.

தருகிறேன் என்றேன். வைப்பதற்கு முன்னால் எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கு வண்டில ஏறிட்டீகளா?"

முதலில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் போனிலிருந்தும் ஒரே நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"இல்லத்தா. ஏறல."