படித்துப் பார்த்ததாகச் சொன்ன தாள்

1. எட்டு நாள்

செம்பூர் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வெப் சீரிஸுக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும். மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து நான்கு மணி நேரத்தில் எழுதி முடிப்பது; அதை ‘செஷன்’ என்பார்கள். மெட்டு சேகர். வரிகளுக்கு மாட்டுங்காவைச் சேர்ந்த வெங்கட்டும் நானும். அப்போது நான் தாராவியில் ஒரு தையல் யூனிட்டில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு விசேஷங்களில் நான் கட்டிப் பாடிய பாட்டுகளை யாரோ போனில் எடுத்து அனுப்பி, அது சேகர்வரை போயிருந்தது.

பாட்டு வராது என்ற பயம் எனக்கு இல்லை. நான் இந்தி மீடியத்தில் படித்தவள். வாய்க்குள் இருப்பது நெல்லைத் தமிழ், ஆனால் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் பாட்டு நோட்டு முழுக்க இந்தி எழுத்துதான். தமிழ்ப் பாட்டு எழுத வந்தவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

செஷனுக்கு இருந்த எட்டு நாளும் தயாரானேன். சேகர் சொல் இல்லாமல் தத்தகாரத்தில் பாடி அனுப்பியிருந்த மெட்டுக்கு, மெஷின் மிதித்துக்கொண்டே நாற்பது வரி கட்டி மனப்பாடம் செய்தேன். கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட அம்மா ரயில் பிளாட்பாரத்தில் தேடி அலைகிற காட்சி. ஒருநாள் வேலை முடிந்ததும் செம்பூருக்குப் போய் ஸ்டூடியோ மாடிப்படியைப் பார்த்துவிட்டு, ஏறாமல் திரும்பி வந்தேன். கடைசி நாள் வலதுகை ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக் கட்டினேன்.

“என்னட்டி, நல்ல வெரலுக்கு எதுக்குத் துணி சுத்துத?” என்றாள் அக்கா.

“எழுதச் சொன்னா ஊசி ஏறிட்டுன்னு சொல்லிக்கிடலாம்லாக்கா.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. நாற்பது வரியும் போயிற்று

“மெட்டு காலையில மாத்திட்டேன். பழசு பூரா பக்வாஸ், குப்பை,” என்று தொடங்கினார் சேகர். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் தமிழ் படிக்க வராது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் இசைக்காரர், சொல்லலாம். நான் சொல்ல முடியுமா?

புது மெட்டில் என் நாற்பது வரிகளில் ஒன்றுகூட உட்காரவில்லை. ஏசி அறையில் முதுகு நனைந்தது. “போர்டுல எழுதறேளா?” என்று வெங்கட் மார்க்கரை நீட்டினார். கட்டுப்போட்ட விரலைக் காட்டினேன். “ஐயோ, பரவால்ல. நீங்க சொல்லுங்கோ, நான் லேப்டாப்ல அடிக்கறேன்.”

சிறுவயதில் தாதர் ஸ்டேஷன் பாலத்து நெரிசலில் அம்மாவின் கை விட்டுப்போன ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். அதையே சொன்னேன். “கூட்டத்துல கை நழுவிப் போச்சு, நெஞ்சுக்குள்ள கிலி துடிக்குது.” சேகர் தலையாட்டி அதையே பல்லவியாக வைத்தார். சரணங்களைப் பெரும்பாலும் வெங்கட்தான் முடித்தார்.

பிரின்ட் எடுத்த தாளை என்னிடம் கொடுத்தார்கள். “ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்கோ. பாடகி வந்தாச்சு.” தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். வரிவரியாகப் படிப்பவள்போல் கண்ணை நகர்த்தினேன். “சரியா இருக்கு சார்.”

3. மூன்றாவது டேக்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகி பாடத் தொடங்கினார். “நெஞ்சுக்குள்ள கிளி துடிக்குது.”

காது தவறாகக் கேட்டதோ என்று நினைத்தேன். இரண்டாவது டேக்கிலும் கிளிதான். மிக இனிமையாக, காதல் பாட்டுப்போலப் பாடினார். வெங்கட் கண்ணை மூடி ரசித்தார். வாயைத் திறந்தால், படித்துப் பார்த்தாயே, அப்போது என்ன செய்தாய் என்று கேட்பார்கள். திறக்காவிட்டால் குழந்தையைத் தொலைத்தவள் காலமெல்லாம் கிளியைப் பற்றிப் பாடிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது டேக் முடிந்தது. “டன், பேக்கப்,” என்றார் சேகர். பாடகி ஹெட்போனைக் கழற்றப் போனார்.

“சார், அது கிளி இல்ல,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “கிலி. பயம்.”

“நீங்கதானே படிச்சு ஓகே சொன்னீங்க?” என்றார் சேகர்.

“எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சார்.”

சேகர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கட் தாளை எடுத்துப் பார்த்தார். “நான் ஆங்கில எழுத்துல அடிச்சேன். லேப்டாப்பே கிளின்னு மாத்திடுத்து. திரும்பிப் பாக்கலை. பாடறச்சே, நல்ல உவமைன்னுதான் நெனச்சேன்.”

ஹெட்போனில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாடகி மைக்கில் கேட்டார்: “பயமா? அப்ப நான் பாடினது பூராவே தப்பாச்சே. பல்லவிய மறுபடி போலாமா?”

நான்காவது டேக்கில் ஒரு சொல்தான் மாறியது, ஆனால் குரலே வேறாகிவிட்டது. கை நழுவிப் போச்சு என்னும் இடத்தில் அவருக்கு மூச்சு தடுக்கியது. சேகர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

4. அதன் பிறகு

பாட்டில் என் பெயர் வந்தது. சேகர் என்னை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. படித்ததாகப் பொய் சொன்ன ஆளை அவர் எப்படி நம்புவார்? மூன்று மாதம் கழித்து வெங்கட் வேறொரு செஷனுக்கு அழைத்தார். “நீங்க சொல்லுங்கோ, நான் அடிக்கறேன். கடைசில நான் சத்தமா வாசிப்பேன், நீங்க கேக்கணும். சரியா?” என்றார். அந்த மூன்று மாதத்தில் நான் அ, ஆ தொடங்கி ல, ள, ழ வரை வந்திருந்தேன். இருந்தாலும் சரி என்றேன்.

இன்றும் செஷனுக்கு முந்தைய நாள் எனக்குச் சோறு இறங்காது. புதிதாக எழுத வருபவர்கள் என்னென்ன வரிகள் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வரி மாறிவிடும், மெட்டும் மாறிவிடும். அந்த எட்டு நாளும் நான் வரிகளுக்கும் மறைப்பதற்கும்தான் தயாரானேன். உங்களுக்கு எது தெரியாதோ அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது கிலி பிடிக்கத்தான் செய்யும். பிடிக்கட்டும், பாட்டு பிழைத்துக்கொள்ளும்.