கம்ப்யூட்டர் மேல் போட்ட துண்டு

எழுதலாம் என்று உட்காருவேன், அடுப்பில் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போவேன். இப்படியே சில வருஷங்கள் ஓடிவிட்டன. எட்டாவது வரை படித்தவள் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்பது ஒரு தயக்கம். செத்துப்போன மனுஷரைச் சந்திக்கு இழுக்கிறோமோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். ஆனால் தினமும் காலையில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், நடு அறை மேசையில் கம்ப்யூட்டரின் கீபோர்டை மூடிக் கிடக்கிற அந்தத் துண்டு கண்ணில் படுகிறது. நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு. ஒரு முனையில் செம்மண் கறை. எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருப்பதும் பாவமாகத்தான் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்காரர் செஞ்சி கடைவீதியில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். சிங்கவரம், அவலூர்பேட்டை பக்கத்து விவசாயிகள் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். அவர் ஒரு பிடி அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார், இரண்டு உடைத்து மெல்லுவார், ஒரு விலை சொல்லுவார். விவசாயி தலையாட்டினால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மூட்டை மேல் போட்டுவிடுவார். அதோடு வியாபாரம் முடிந்தது. சாயங்காலத்துக்குள் விலை சரிந்தாலும் அவர் துண்டை எடுக்க மாட்டார். விவசாயிக்கு மனசு மாறினால் மட்டும், அந்த விவசாயியே துண்டை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கலாம். இவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “டீ சாப்ட்டியா?” என்று கேட்பார். அவ்வளவுதான், மனஸ்தாபம் கிடையாது. எழுதி வைக்காத வழக்கம் அது. எனக்குத் தெரிந்து அவர் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

ஒரு நாள் மண்டியிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். உயிர் தப்பியது பெருமாள் போட்ட பிச்சை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. மண்டியை மூடினோம். கட்டிலில் படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கஞ்சி ஊட்டினால் வாயைத் திறப்பார், கேட்டால் தலையாட்டுவார். வேறு எதுவும் கிடையாது. மூட்டை இறங்குகிற லாரிச் சத்தம் தெருவில் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் மகன் அந்தத் தீபாவளிக்கு வந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தான். பங்கு வாங்கி விற்கிற சாஃப்ட்வேர் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தான். “நைனா, இதுல பழகுறதுக்குன்னு ஒரு கணக்கு இருக்குது. பணம் பொய், வெலை மட்டும் நெஜம். போனா கவலை இல்ல. சும்மா பாருங்க,” என்றான். திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன, பக்கத்தில் எண்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் துடித்தன. எனக்குத் தலை சுற்றியது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் குழறலாகச் சொன்னார்: “சிங்கவரத்துப் பெருமாளு படுத்துக்கினேதான ஒலகத்தையே பாத்துக்குறாரு? நானும் படுத்துக்கினே யாவாரம் பண்றேன்மே.”

விழுந்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவருக்குக் கை இல்லை, எனக்குக் கணக்குத் தெரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் மவுஸைப் பிடித்தேன். அம்பு நான் நினைக்கிற இடத்தில் நிற்காமல் எலி மாதிரியே ஓடும். “கோலம் போடுற கைதான உனுக்கு? புள்ளி வெச்ச எடத்துல நிக்கத் தெரியாதா?” என்று கிண்டல் செய்வார். பாஸ்வேர்டுக்குப் பெருமாள் பேர்தான். எந்தப் பெருமாள் என்று எழுத மாட்டேன். செவ்வாய்க்கிழமை எமகண்டம் கழிந்து பத்தரைக்கு மேல்தான் தொடுவோம். சந்தை ஒன்பதேகாலுக்கே திறந்துவிடுகிறது என்று மகன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். எமகண்டத்தில் வாங்கினால் எந்தப் பொருள் தங்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதன்முதலாக ஒரு விலை சொல்லி ஆர்டர் போட்ட அன்று, இடது கையால் தோளிலிருந்த துண்டை இழுத்து என்னிடம் நீட்டினார். “போடுமே அது மேல.” கீபோர்டின் மேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் விலை சரிய ஆரம்பித்தது. மகன் அங்கிருந்தே பார்த்துவிட்டுப் போன் பண்ணினான்.

“நைனா, அந்த ஆர்டர கேன்சல் பண்ணிடுங்க. வெலை இன்னும் எறங்கும்போலகீது.”

“துண்டு போட்டாச்சுடா.”

“இன்னா நைனா நீங்க! கேன்சல் பண்றதுக்குன்னே பட்டன் குடுத்திருக்காங்க.”

“நான் வாங்குறேன்னா எவனோ ஒருத்தன் விக்கிறான்ல? அவனுக்கு இன்னா பதில் சொல்றது?”

“அந்தப் பக்கம் ஆளே இல்ல நைனா. இது பழகுற கணக்கு!”

அவருக்கு வாய் கோணியபடியே சிரிப்பு வந்தது. “அப்ப காத்துக்கா துண்டு போட்டேன்?” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் துண்டை எடுக்க விடவில்லை. பொய்ப் பணத்தில் பாதி அந்த மாசமே போய்விட்டது. அவர் முகத்தில் மட்டும் ரத்தம் ஓட ஆரம்பித்தது.

பக்கத்துப் புண்ணாக்குக் கடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். “இன்னா மண்டிக்காரரே, மண்டிய மூடிட்டு வூட்ல சூதாட்டமா? அண்ணிக்கும் கத்துக் குடுத்துட்டீங்களா?” என்பார். விளையாட்டாகச் சொன்னதுதான். அதிலிருந்துதான் பேச்சு கிளம்பி ஊர் முழுக்கப் போயிற்று.

பொங்கல் கழிந்ததும் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். “நெஜமா ஒரே ஒரு யாவாரம் பண்ணணும்மே. ஒண்ணே ஒண்ணு. நோயாளின்னு சாவக்கூடாது, யாவாரின்னு சாவணும்.” அவரால் கையெழுத்துப் போட முடியாததால் மகன் என் பெயரில் கணக்குத் திறந்தான். அன்றிலிருந்து கஞ்சி கொண்டுபோனால்கூட, “வாங்க ஓனரம்மா,” என்பார்.

கடலை எண்ணெய் ஆட்டி விற்கிற ஒரு கம்பெனியின் பங்கைத் தேர்ந்தெடுத்தார். ஒரே ஒரு பங்கு. அன்றைய விலையைவிடக் கொஞ்சம் கீழே ஒரு விலை சொன்னார். “பங்குனில மல்லாட்ட வரத்து ஆரம்பிச்சா வெலை எறங்கும். காத்திருப்போம்.” நான் ஆர்டர் போட்டேன், துண்டும் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஆர்டரைக் காணோம். அன்றைக்குப் போட்டது அன்றைக்கே தீர்ந்துவிடும் என்று மகன் விளக்கினான். “பாவம், இதுக்கு ராத்திரியானா மறந்துபூடுது. நாம மறக்க முடியுமா?” என்றார் இவர். அதனால் தினமும் விளக்கேற்றிய பிறகு துண்டை ஓரமாகத் தள்ளி, அதே விலையை மறுபடி அடித்து, மறுபடி மூடுவேன். பூஜையில் ஒரு பங்கு மாதிரி ஆகிவிட்டது அது.

பங்குனி வந்தது, மல்லாட்டையும் வந்தது. விலை இறங்காமல் ஏறியது. “மல்லாட்ட மலிஞ்சா ஆலைக்காரனுக்கு லாபம்தான நைனா? பங்கு ஏறத்தான செய்யும்?” என்றான் மகன். அவர் கண்ணை மூடி யோசித்தார். “அட, ஆமாம்ல! காலம் பூரா மூட்ட பக்கமே நின்னு பாத்துட்டேன்டா,” என்றார். தோற்றுப்போன வருத்தமே இல்லை. புதுசாக ஒன்று தெரிந்துகொண்ட சின்னப் பையன் மாதிரி இருந்தது முகம். சரி, விலையை ஏற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். இடது கையால் என் கையைப் பிடித்தார். “நீயா எடுக்காத. எதிராளி திருப்பிக் குடுத்தா வாங்கிக்க.”

அந்தப் பங்குனியிலேயே ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து மகனும் ஊருக்குப் போன பிறகு, ஒரு காலை விளக்கேற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கட்டில் காலியாக இருந்தது. துண்டைத் தள்ளி, அவர் சொன்ன அதே விலையை அடித்தேன். இத்தனை நாள் பேசாமல் வாங்கிக்கொண்ட சாஃப்ட்வேர் அன்று சிவப்பு எழுத்தில் பதில் சொன்னது. பங்கு வெகுவாக ஏறிவிட்டதாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டாம், நான் சொல்கிற விலை அதற்கும் கீழே போய்விட்டதாம். ஏற்க முடியாது என்று ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு துண்டை எடுத்து நன்றாக மடித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். “திருப்பிக் குடுத்துட்டாங்க,” என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்.

மனஸ்தாபம் இல்லை. எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்து, பெருமாளே என்று சொல்லி, அன்றைய விலைக்கே ஒரு பங்கு வாங்கினேன். இந்தத் தடவை விலை சொன்னது நான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் போட்டேன்.

அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. தெருப் பெண்கள் சிலர் இந்த சாஃப்ட்வேரைச் சொல்லித் தரக் கேட்கிறார்கள். முதலில் பழகுகிற கணக்கிலேயே கொஞ்ச காலம் தோற்றுப் பாருங்கள் என்று சொல்கிறேன். அவருக்குச் சிரிப்பு திரும்பியது அப்படித்தான்.

மண்டியை விற்று ஷேரில் போட்டுத் தோற்றுவிட்டு, அந்த ஏக்கத்தில் செத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். இதைப் படித்தவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இவரைப் பற்றி யாரிடமாவது சொல்வதானால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். மண்டியை மூட வைத்தது நோய். அவர் கேட்டது ஒரே ஒரு பங்கு. இரக்கப்பட்டு அதை நூறாக்க வேண்டாம், அந்த விலைக்கே கிடைத்தது என்று முடித்துவைக்கவும் வேண்டாம். கிடைக்கவில்லை. ஆனால் சொன்ன விலையை அவர் மாற்றவில்லை.